செலவும் பயனும்: நோயாளர் குடும்பம் எடைபோட வேண்டிய கணக்கு

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று உறவினர்கள் எங்களிடம் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் இரண்டுதாம். "பொழச்சுக்குவாரா ஐயா?" என்பது முதலாவது. "எம்புட்டுச் செலவாகும்?" என்பது இரண்டாவது. முதல் வினாவை உரக்கக் கேட்கிறார்கள். இரண்டாவதைக் குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் யாரேனும் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். உயிரையும் பணத்தையும் ஒரே தராசில் வைப்பது பாவம் என்னும் கூச்சமே அதற்குக் காரணம்.

அந்தக் கூச்சம் வேண்டியதில்லை. அவ்விரண்டு வினாக்களும் உண்மையில் ஒரே வினாவின் இரு பாதிகள். என்ன பயன் கிடைக்கும் என்று தெரியாமல் செலவைப் பேச இயலாது. என்ன செலவாகும் என்று தெரியாமல் பயனை மதிப்பிடவும் இயலாது. ஒரு சிகிச்சையின் மதிப்பு அதன் விலைச்சீட்டில் இல்லை. யாருக்கு, எந்த நேரத்தில், எதற்காக அது அளிக்கப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது. இதை நம் தேனி, கம்பம் பள்ளத்தாக்கின் வாழ்க்கையிலிருந்தே சில எடுத்துக்காட்டுகளால் விளக்க முயல்கிறோம்.

நாம் பெற்றவை

கூடலூர் தொடங்கி வீரபாண்டி வரை நம் வயல்களை நனைப்பது முல்லைப் பெரியாற்று நீர். அந்த அணையைக் கட்டி 1895-இல் திறந்த ஜான் பென்னிகுவிக்கின் பெயரை நம் ஊர்களில் பிள்ளைகளுக்கு இன்றும் சூட்டுகிறோம். அந்த அணைக்காக மலைக்காட்டில் உழைத்தவர்களுள் பலர் மலேரியாக் காய்ச்சலால் மாண்டார்கள். அக்காய்ச்சல் எப்படிப் பரவுகிறது என்பது அன்று உலகில் எவருக்கும் உறுதியாகத் தெரியாது. அணை திறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1897 ஆகஸ்டில், செகந்திராபாத்தில் பணியாற்றிய ரொனால்ட் ராஸ் என்னும் மருத்துவர் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். இன்று அதே காய்ச்சலை ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கண்டறிகிறோம். சில நாள் மாத்திரைகளால் குணப்படுத்துகிறோம். அதற்கு நோயாளி ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை.

பெரியம்மை 1980-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இந்தியா போலியோ அற்ற நாடு என்னும் சான்றை 2014 மார்ச்சில் பெற்றது. நம் பாட்டிமார் பெற்ற பிள்ளைகளையும் பிழைத்த பிள்ளைகளையும் தனித்தனியாக எண்ணிச் சொல்வார்கள். இன்றைய தாய்மார்க்கு அந்த இரு எண்களும் பெரும்பாலும் ஒன்றே. நவீன மருத்துவம் வீண் என்று பேசுவோர் இந்தக் கணக்கை மறந்துவிடலாகாது.

இந்த வெற்றிகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு. இவற்றுள் பெரும்பாலானவை மிக மலிவானவை. 1971-இல் வங்காளதேச அகதிகள் நிறைந்திருந்த பங்காவ் முகாமில் காலரா பரவியபோது, ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோயிற்று. அங்குப் பணியிலிருந்த மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் சேர்த்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்ற அளவில் இருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கியது. அந்த உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைத்தான் இன்று நம் அங்கன்வாடிகளிலும் காண்கிறோம். விலை மிகுந்ததே வலிமை மிகுந்தது என்னும் எண்ணம் தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஒரே ஸ்டென்ட், இரு வேறு பயன்கள்

இனி, எங்கள் பிரிவில் மிகுதியாகக் குழப்பம் ஏற்படும் ஒரு செய்திக்கு வருவோம். இதயக் குழாயில் வைக்கப்படும் ஸ்டென்ட் இரு வேறு நோயாளிகளுக்கு இரு வேறு பயன்களைத் தருகிறது.

முதல் நோயாளி சின்னமனூர்ப் பக்கத்து விவசாயி என்று கொள்வோம். விடியற்காலையில் வரப்பில் நிற்கும்போது நெஞ்சின் நடுவே பாறையை ஏற்றியதுபோல் அழுத்தம், வியர்வை, இடது கைக்குப் பரவும் வலி. வாயுத் தொல்லை என்று எண்ணிச் சோடா குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் படுத்துக்கொள்கிறார். இது மாரடைப்பு. இதயக் குழாய் ஒன்று இரத்தக் கட்டியால் முழுதும் அடைபட்டுவிட்டது. ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. இவருக்கு அடைப்பை நீக்கும் சிகிச்சை உயிர்காக்கும் சிகிச்சை. அது ஊசி மருந்தாக இருக்கலாம். பலூன், ஸ்டென்ட் சிகிச்சையாகவும் இருக்கலாம். எவ்வளவு விரைவில் கிடைக்கிறதோ அவ்வளவு பயன்.

கூடலூரிலோ கம்பத்திலோ இருப்பவர் மதுரையை அடைய இரண்டரை மணி நேரமாவது ஆகும். "நேரே மதுரைக்கே கொண்டுபோய்விடலாம்" என்று கார் பிடிக்கும் குடும்பங்கள், வழியில் உள்ள மருத்துவமனைகளைக் கடந்து செல்வதை அடிக்கடி காண்கிறோம். இது பெருந்தவறு. அருகிலுள்ள மருத்துவமனையில் ஈசிஜி எடுத்து, கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டபின், ஆஞ்சியோ வசதியுள்ள மையத்துக்கு ஒரு நாளுக்குள் அனுப்பும் முறையைத் தமிழ்நாட்டிலேயே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். நான்கு பெரிய மையங்களையும் அவற்றைச் சூழ்ந்த சிறு மருத்துவமனைகளையும் ஒரே வலையாக இணைத்த அந்த ஆய்வின் முடிவு 2017-இல் வெளியாயிற்று. 2,420 நோயாளிகள் அதில் இடம்பெற்றிருந்தனர். இணைப்பு ஏற்படுவதற்கு முன் ஓராண்டுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 17.6 பேர், பின்னர் 14.2 பேர். நூறு பேரில் மூவருக்கும் சற்று மிகுதியானோர் கூடுதலாகப் பிழைத்திருக்கிறார்கள். புதிய மருந்து எதுவும் அவர்களைக் காக்கவில்லை. இருந்த மருந்தை உரிய நேரத்தில், உரிய வரிசையில் அளித்ததே காத்தது.

இரண்டாம் நோயாளி போடியைச் சேர்ந்த கடைக்காரர். மலைப்பாதையில் ஏறினால் நெஞ்சு இறுக்கும். நின்றால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். ஓராண்டாக இதே நிலை, கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆஞ்சியோவில் ஒரு குழாயில் எழுபது விழுக்காடு அடைப்பு என்று சொல்கிறார்கள். குடும்பம் நடுங்குகிறது. "அடைப்பு இருக்கே, உடனே எடுத்துவிடுங்கள்" என்று மகன் நகையை அடகு வைக்கப் புறப்படுகிறார்.

இவருக்கும் ஸ்டென்ட் உயிர்காக்குமா? இந்த வினாவுக்காகவே இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 நோயாளிகளைக் கொண்டு நடந்த பேராய்வு ஒன்றின் முடிவுகள் 2020-இல் வெளியாயின. நிலையான நெஞ்சுவலி உள்ளவர்களில் ஒரு பாதியினர் மருந்துகளோடு ஆஞ்சியோவும், தேவைப்பட்டோர் ஸ்டென்டோ பைபாஸோ பெற்றார்கள். மறு பாதியினர் முதலில் மருந்துகளை மட்டும் பெற்றார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் கவனித்தபோது இரு பிரிவிலும் மரணம் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தது. அடிக்கடி நெஞ்சுவலி வந்துகொண்டிருந்தவர்களுக்கு ஸ்டென்டால் வலி நன்கு குறைந்தது. அஃதும் உண்மையான பயன்தான். ஆயினும் "இன்றே வைக்காவிட்டால் இறந்துவிடுவார்" என்னும் அச்சத்துக்கு அங்கே இடமில்லை. இதயத்தின் இடப்பக்கத் தலைக்குழாயில் அடைப்பு, இதயத்தின் இயக்கம் மிகக் குறைந்திருத்தல், மருந்துக்கு அடங்காத வலி ஆகிய நிலைகள் வேறு; அவற்றுக்கு முடிவும் வேறு. மற்றவர்களுக்கு மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொண்டு, புகையை விட்டு, இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் கட்டுப்படுத்திப் பார்த்துப் பின்னர் முடிவெடுக்க நேரம் உண்டு.

விலையையும் பாருங்கள். மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்று ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டி விற்கப்பட்டு வந்தது. மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் 2017 பிப்ரவரியில் அதற்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது. ஒரே நாளில் ஸ்டென்ட் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த விலைக்கு வந்தது. அதனால் விவசாயிக்கு அதன் பயன் குறைந்துவிடவில்லை. கடைக்காரருக்கு அதன் பயன் கூடிவிடவுமில்லை. விலையும் பயனும் தனித்தனிக் கணக்குகள் என்பதை நன்றாக மனத்தில் இருத்த வேண்டும்.

கண்ணாடிக் குழாயும் விஷமுறிவு மருந்தும்

நெல் வயலிலும் திராட்சைத் தோட்டத்திலும் பாம்புக்கடி நமக்குப் புதிதன்று. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் ஒரே மருந்து முறிக்கிறது. அதற்கான நஞ்சைச் செங்கற்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் உள்ள, 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. குதிரையின் உடலில் சிறுகச் சிறுக நஞ்சைச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து மருந்தாக்குகிறார்கள். ஒரு சிறு குப்பிக்குப் பின்னால் இத்தனை உழைப்பு இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் இம்மருந்து இலவசமாக அளிக்கப்படுகிறது.

விலை உயர்ந்த இம்மருந்தைக் கடிபட்டு வரும் எல்லோருக்கும் உடனே ஏற்றுவதில்லை. நஞ்சில்லாப் பாம்புகள் பல. நச்சுப்பாம்பு கடித்தாலும் நஞ்சு இறங்காமல் போவதுண்டு. மருந்தே கடும் ஒவ்வாமையை உண்டாக்கி உயிருக்கு ஆபத்தாகலாம். எனவே விரியன் கடியா என்று ஐயம் எழுந்தால் நாங்கள் செய்யும் முதற் சோதனை மிக எளியது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தத்தை எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்க்கிறோம். உறைந்திருந்தால் நஞ்சு இரத்தத்தைப் பாதித்திருக்க வாய்ப்புக் குறைவு. மேலும் கவனித்து, சோதனையைத் திரும்பச் செய்கிறோம். உறையாமல் ஓடினால் மருந்தை உடனே தொடங்குகிறோம். நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குவன. அவற்றுக்கு இமை தொங்குகிறதா, மூச்சுத் திணறுகிறதா என்று பார்க்க வேண்டும். சில ரூபாய்ச் சோதனை ஒன்று பல ஆயிரம் ரூபாய் மருந்து யாருக்குத் தேவை என்பதைத் தீர்மானிக்கிறது. நல்ல மருத்துவம் என்று நாங்கள் கருதுவது இதையே.

"இருபது நிமிடமாகச் சும்மா வைத்திருக்கிறார்களே" என்று உறவினர்கள் கோபப்படுவதுண்டு. அந்த இருபது நிமிடமும் சிகிச்சைதான் என்பதை இதனால் உணர வேண்டுகிறோம்.

பில்லில் எழுதப்படாத செலவுகள்

இந்தியாவில் மக்கள் நலவாழ்வுக்கு ஆகும் மொத்தச் செலவில் நோயாளர் தம் கைப்பணத்திலிருந்து தருவது 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்தது, 2021-22-இல் 39.4 விழுக்காடாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் 1994-இல் தொடங்கப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அளிப்பதும், 2009-இல் தொடங்கி 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் நடக்கும் காப்பீடும் நம் மக்களுக்குப் பெரும் துணை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பம் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை இத்திட்டத்தில் சிகிச்சை பெறலாம். க.விலக்கில் உள்ள அரசு தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் வாசலிலேயே இருக்கிறது.

இருந்தும் குடும்பங்கள் கடனில் வீழ்வதைக் காண்கிறோம். ஏனெனில் பில்லில் வராத செலவுகள் பல. ஏலத்தோட்டத்துக்கு விடியுமுன் ஜீப் ஏறிச் செல்லும் பெண் ஒருத்தி படுக்கையில் விழுந்தால் அவள் கூலி போகிறது. துணைக்கு இருக்கும் கணவனின் கூலியும் போகிறது. சாப்பாடு, பேருந்து, வெளியில் வாங்கும் மருந்து, கந்து வட்டி ஆகியவற்றை எந்தக் காப்பீட்டு அட்டையும் ஏற்பதில்லை. எனவே தேவையில்லாத ஒரு நாள் தங்கலும், தேவையில்லாத ஒருமுறை வரவும் ஏழைக் குடும்பத்துக்கு உண்மையான தீங்குகள். மருத்துவர்களாகிய நாங்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

பணமல்லாத விலையும் ஒன்றுண்டு. சளிக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்குகிறோம். இரண்டு நாளில் நிறுத்திவிடுகிறோம். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945-இல் தம் நோபல் உரையிலேயே, குறை அளவில் உட்கொண்டால் கிருமிகள் மருந்துக்கு அடங்காமற்போகும் என்று எச்சரித்தார். அவர் எச்சரித்த கிருமிகளை இன்று எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நேரில் காண்கிறோம். அதுபோலவே, தலைவலி என்றால் ஸ்கேன், களைப்பு என்றால் "முழு உடல் பரிசோதனை" என்று கேட்பதும் தீங்கற்றதன்று. தேவையின்றி எடுக்கும் ஸ்கேனில் பொருளற்ற ஒரு சிறு புள்ளி தெரியும். அதை ஆராய இன்னொரு ஸ்கேன். பின்னர் ஓர் ஊசிப் பரிசோதனை. மூன்று மாதம் குடும்பம் உறங்குவதில்லை. இறுதியில் "ஒன்றுமில்லை" என்கிறோம். அந்த மூன்று மாதத்தை யார் திருப்பித் தருவது?

சேமித்த பணம் பெருஞ்செலவான கதை

அதிகம் செய்வதால் வரும் செலவைச் சொன்னோம். குறைவாகச் செய்வதால் வரும் செலவு அதனினும் பெரிது. நீரிழிவு அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

நீரிழிவு மாத்திரை அரசு நிலையங்களில் இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபின், பலருக்கு வீட்டுக்கே மாத்திரை வருகிறது. எனினும், "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று நிறுத்திவிடுவோர் பலர். சர்க்கரை ஏறியிருப்பது வலிப்பதில்லை. சிறுநீரகம் பாதி கெடும்வரையிலும் வலிப்பதில்லை. கால் வீங்கி, மூச்சு வாங்கி வரும்போது டயாலிசிஸ் தவிர வேறு வழி இருப்பதில்லை. வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் கருவியோடு கட்டுண்டு கிடக்க வேண்டும். டயாலிசிஸ் கட்டணத்தைக் காப்பீடு ஏற்கலாம். வாரத்தில் மூன்று வேலை நாள்களை யார் ஏற்பது?

பிரிட்டனில் இருபது ஆண்டுகள் நடந்து 1998-இல் முடிவு வெளியான ஆய்வு ஒன்றில், தொடக்கத்திலிருந்தே சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலிய நுண்குழாய்ச் சிக்கல்கள் நான்கில் ஒரு பங்கு குறைந்தன. அவர்களுக்கு உதவியவை பழைய, மலிவான மருந்துகள்தாம். எனவே நீரிழிவு உள்ளோர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி சோதனையும், ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் புரதச் சோதனையும், கிரியேட்டினின் சோதனையும், கண் விழித்திரைச் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். வயலில் வெறுங்காலோடு நடக்கலாகாது. இரவில் பாதத்தைப் பார்க்க வேண்டும். இவை அத்தனைக்கும் ஆகும் செலவு ஒரு மாத டயாலிசிஸுக்கு ஈடாகாது.

கண்ணைப் பற்றிப் பேசுகையில் நம் ஊரின் பெருமை ஒன்றையும் நினைவுகூர வேண்டும். மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை 1985-இல் தேனிக்கு வந்தது. கண்புரைக்குப்பின் பொருத்தும் லென்ஸ் அந்நாளில் வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய விலையுயர்ந்த பொருள். 1992-இல் அவர்கள் ஆரோலேப் என்னும் ஆலையை அமைத்து, அதே லென்ஸை மிகக் குறைந்த விலைக்குச் செய்துகாட்டினார்கள். நவீன மருத்துவம் விலை மிகுந்தே தீர வேண்டும் என்பது விதியன்று. முறையாகத் திட்டமிட்டால் தரம் குறையாமலே செலவைக் குறைக்கலாம் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது.

நாங்கள் சொல்லாமல் விட்டது

இப்பாடத்தின் கடினமான பகுதிக்கு வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எழுபத்தைந்து வயது தாண்டிய ஒரு விவசாயி மூச்சுத்திணறலோடு எங்களிடம் சேர்க்கப்பட்டார். புற்றுநோய் நுரையீரலிலிருந்து கல்லீரலுக்கும் எலும்புக்கும் பரவியிருந்தது. வென்டிலேட்டரில் வைத்தோம். நாள்தோறும் இரத்தச் சோதனை, எக்ஸ்ரே, மருந்து மாற்றம் என்று எல்லாம் முறைப்படி நடந்தன. பிள்ளைகள் திராட்சைத் தோட்டத்தை ஒத்திக்கு வைத்தார்கள். நாங்கள் தினமும் சொன்ன சொல் "கொஞ்சம் சீரியஸ்தான், பார்ப்போம்" என்பது. பதினோராம் நாள் அவர் காலமானார். அந்தப் பதினோரு நாளும் குடும்பத்தார் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருந்தார்கள். ஒரு வார்த்தை பேச இயலாமல் அவர் உள்ளே இருந்தார்.

உடலைப் பெற்றுச் செல்லும்போது மூத்த மகள் எங்களைப் பார்த்து அமைதியாகக் கேட்டார்: "மொத நாளே உங்களுக்குத் தெரியுமா ஐயா?"

தெரியும். நாங்கள் அதைச் சொல்லவில்லை. சொன்னால் நம்பிக்கை உடைந்துவிடும் என்று எங்களுக்கு நாங்களே காரணம் கூறிக்கொண்டோம். உண்மையில் சொல்வது கடினமாக இருந்தது. இன்னொரு சோதனை எழுதுவது எளிதாக இருந்தது. அந்த வென்டிலேட்டர் பழுதற்ற கருவி. முந்தைய மாதம் அதே கருவி பூச்சிமருந்து குடித்த ஓர் இளைஞனைப் பிழைக்க வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அவனுக்கு அது உயிர். இவருக்கு அது விடைபெற முடியாத பதினோரு நாள். அவர் குடும்பத்துக்கு அது ஒரு தோட்டம்.

அதற்குப்பின் எங்கள் பிரிவில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். கடும் நோயாளி சேர்க்கப்பட்ட முதல் நாளிலேயே குடும்பத்தாரில் இருவரை உட்காரவைத்து, எதிர்பார்ப்பு என்ன, எதை நிறைவேற்ற இயலாது, எத்தனை நாளில் மறுபடி முடிவெடுப்போம் என்பதைத் தெளிவாகச் சொல்கிறோம். நோய் குணமாகாத நிலையில் வலியையும் மூச்சுத்திணறலையும் தணித்து, வீட்டாரோடு இருக்கவிடும் சிகிச்சையும் சிகிச்சையே. அதைத் தேர்ந்தெடுப்பவர் தந்தையைக் கைவிட்டவர் ஆகார். மார்ஃபின் போன்ற மருந்துகள் விலை குறைந்தவை. முறையாகக் கொடுத்தால் நோயாளி நிம்மதியாக உறங்குகிறார். தமக்குப் பிற்காலத்தில் இத்தகைய நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றது. 2023-இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. நம் வீடுகளில் நிலத்தைப் பற்றி எழுதிவைக்கிறோம். இதையும் பேசிவைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மையே.

கேட்க வேண்டிய ஐந்து வினாக்கள்

மாரடைப்பு, வாய் கோணிக் கை கால் செயலிழக்கும் பக்கவாதம், பாம்புக்கடி, விபத்து, பிரசவ இரத்தப்போக்கு ஆகியவற்றில் கணக்குப் பார்க்க நேரமில்லை. உடனே 108-ஐ அழையுங்கள். அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். செலவை அஞ்சித் தாமதிப்பதே அங்கே மிகப் பெரிய செலவு. மற்ற நேரங்களில், பெரிய சோதனைக்கோ அறுவைக்கோ ஒப்புதல் தருமுன் கீழ்க்கண்ட வினாக்களை மருத்துவரிடம் கேளுங்கள்.

1. இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? எவ்வளவு காலத்தில் ஆகும்?

2. செய்தால் கிடைக்கும் பயன் எது? ஆயுள் கூடுமா, வலி குறையுமா, அல்லது நோய் இன்னதென்று தெரிய மட்டும் உதவுமா? நூறு பேரில் எத்தனை பேருக்கு அப்பயன் கிடைக்கிறது?

3. இதனால் வரக்கூடிய தீங்குகள் எவை?

4. இதைவிட எளிய வழி உண்டா? சில வாரம் மருந்தோடு காத்திருந்து பார்க்கலாமா?

5. இன்று ஆகும் செலவு எவ்வளவு? பின்னர் மாதந்தோறும் ஆகும் செலவு எவ்வளவு? காப்பீட்டில் எவ்வளவு அடங்கும்?

இவ்வினாக்களைக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. விடை புரியவில்லையெனில் மறுபடியும் கேளுங்கள். பழைய சோதனை அறிக்கைகளை ஒரு பையில் சேர்த்து எப்போதும் கொண்டுவாருங்கள். அவசரமில்லாதபோது இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கத் தயங்க வேண்டாம். ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர்கள் இக்கட்டுரையைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்திவிடலாகாது. அது மீண்டும் அடைப்பை உண்டாக்கும்.

அந்த மகள் கேட்ட வினாவை எங்கள் பிரிவில் புதிதாகச் சேரும் இளம் மருத்துவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறோம். வாசலில் குரலைத் தாழ்த்தி எவரேனும் "எம்புட்டுச் செலவாகும்?" என்று கேட்டால், தொகையை மட்டும் சொல்லி நகர்ந்துவிடலாகாது என்றும், அத்தொகைக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதையும் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்றும் கற்பிக்கிறோம். அடுத்த முறை நீங்கள் அவ்வினாவைக் குரலைத் தாழ்த்தாமலே கேளுங்கள். விடை சொல்வது எங்கள் கடமை.